வட்டில்லாக் கணிப்பொறிகள்

கணிப்பொறி என்றவுடன் நம் மனக்கண்ணில் திரையும் விசைப்பலகையும் தோன்றுகின்றன. அவற்றோடு இணைந்த பெட்டிக்குள் ஒரு வன்வட்டு உண்டு என்பதும், இயக்க முறைமை முதலாக நாம் தட்டெழுதிச் சேமித்த கட்டுரை ஈறாக அனைத்தும் அவ்வட்டில்தான் உறைகின்றன என்பதும் பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. அவ்வட்டினைக் கழற்றி எடுத்துவிட்டால் கணிப்பொறியின் நிலை என்ன? உயிரற்ற பெட்டி என்பதே பெரும்பாலோர் விடையாக இருக்கும். ஆயின், வட்டினை இழந்த பின்னரும் கணிப்பொறி உயிர்பெற்று எழும். முன்னினும் நலமாகவும் உழைக்கும். அதற்கு வேண்டுவது ஒரு வலைக் கம்பியும் அக்கம்பியின் மறுமுனையில் விழிப்போடிருக்கும் ஒரு வழங்கியுமே. இவ்வாறு இயங்குவனவற்றை வட்டில்லாப் பணிநிலையங்கள் என்பர். இத்தொடரை விரைந்து படிப்போர்க்கு ‘வட்டில்’ என்னும் உண்கலம் நினைவிற்கு வரக்கூடும். அதிலும் ஒரு பொருத்தம் உண்டு. வட்டிலின்றிப் பந்திக்கு வந்தவனையும் அமரவைத்து, இலை விரித்துப் பரிமாறுவது போன்றதே இம்முறை.

இப்பொருளை இம்மலருக்குத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயக்க முறைமைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த பொது ஆதரவு முடிவுற்றது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும், இன்டெல் வகையாயின் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன செயலியையும் வேண்டி நிற்கிறது. 2017க்கு முன்னர் வாங்கப்பட்ட பொறிகளுள் மிகப் பெரும்பாலானவை இத்தகுதியைப் பெறமாட்டா. கலை அறிவியல் கல்லூரிகளின் கணிப்பொறிக் கூடங்களில் இருப்பவை எவை என்பதை நான் சொல்லவேண்டுவதில்லை. நாற்பது பொறிகள் கொண்ட ஒரு கூடத்தை எண்ணிப் பாருங்கள். செயலி நன்றாக உள்ளது, நினைவகம் நன்றாக உள்ளது, திரையிலும் பழுதில்லை. வன்வட்டுகள் மட்டும் ஒவ்வொன்றாய் மடிந்துகொண்டிருக்கின்றன. மடியாதவற்றை நச்சுநிரல்கள் அரித்துக்கொண்டிருக்கின்றன. இந்நாற்பதையும் பழைய பொருள் வணிகரிடம் தள்ளிவிட்டுப் புதியன வாங்குவதா, அல்லது வேறு வழி உண்டா என்னும் வினா இன்று பல கல்லூரி நிர்வாகங்களின் முன் நிற்கிறது. அவ்வேறு வழியினைப் பற்றியதே இக்கட்டுரை.

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என ஊர்களைக் கடக்கின்றனர். தெற்கே பிரியும் சாலை ஒரகடத்திற்கு இட்டுச் செல்கிறது. ஏரிப் பாசனமும் நெல்லுமாய் இருந்த இந்நிலப்பரப்பில் 1998இல் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியாவின் கைப்பேசித் தொழிற்சாலை வந்தது. 2014 நவம்பரில் அது மூடப்பட்டதும் ஆயிரக்கணக்கானோர் வாழ்வில் அதன் விளைவு படிந்ததும் நாம் அறிந்தவையே. 2007இல் டெல் நிறுவனம் இங்குக் கணிப்பொறிகளை ஒருங்கிணைக்கத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. நம் மாணவருள் பலர் இத்தொழில்வழியின் ஏதேனும் ஒரு வாயிலில் பயிற்சியாளராய் நுழைகின்றனர்.

அவ்வாறு நுழைவோர் அறியவேண்டிய செய்தி ஒன்று: வலைவழி உயிர்பெறுதல் என்பது வறியவர்க்கென வகுத்த மாற்றுவழி அன்று, கணிப்பொறி பிறக்கும் இடத்திலேயே அது வழக்கில் உள்ளது. தொழிற்சாலையில் தாய்ப்பலகையும் செயலியும் நினைவகமும் பொருத்தப்பட்டு ஒரு பொறி முழுமையடைந்த நேரத்தில் அதன் வட்டில் எழுதப்பட்டது எதுவுமில்லை. அவ்வெற்றுப் பொறியை மின்சாரத்தோடும் வலைக் கம்பியோடும் இணைக்கின்றனர். அது வலையிலிருந்து ஒரு சிறு இயக்க முறைமையைப் பெற்று எழுகிறது. தன் உறுப்புகளைத் தானே சோதிக்கிறது. சோதனை முடிந்த பின்னரே வாங்குவோர் கேட்ட இயக்க முறைமை வலைவழியாக வட்டில் எழுதப்படுகிறது. கணிப்பொறித் தொழிற்சாலைகளில் இது பொதுவழக்கு. ஆகவே, நம் வீட்டு மேசைமேல் உள்ள பொறியும் பெரும்பாலும் தன் முதல் மூச்சை வட்டில்லா நிலையிலேயே இழுத்தது எனலாம். கார்த் தொழிற்சாலை போன்ற கூடங்களில் காரணம் வேறு. தூசும் வெப்பமும் அதிர்வும் சுழலும் வட்டிற்குப் பகை. ஒருங்கிணைப்பு வரிசையில் ஒரு நிலையத்தின் திரை இருண்டால் வரிசையே நிற்க நேரும். வட்டில்லாத் திரைப்பொறி கெட்டால், மற்றொன்றை அவ்விடத்தில் வைத்துக் கம்பியைச் செருகினால் போதும். சில நிமிடங்களில் வேலை தொடரும். எனவேதான் தொழிற்கூடங்களில் இம்முறையை விரும்புகின்றனர்.

இனி, வட்டில்லாப் பொறி எவ்வாறு எழுகிறது என்பதைக் காண்போம்.

மின்பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையில் நிலையாகப் பதிந்துள்ள சிறு நிரல் விழிக்கிறது. பழைய பொறிகளில் இதனைப் பயாஸ் என்பர், புதியவற்றில் யூ.இ.எஃப்.ஐ. என்பர். வட்டு இல்லை என்று கண்டதும், அல்லது வலையையே முதலில் நாடுக என நாம் முன்னரே அமைத்திருந்தால், அந்நிரல் வலை அட்டையிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. இந்நிலையில் அப்பொறிக்குத் தன் முகவரியும் தெரியாது. வழங்கி எங்கே என்பதும் தெரியாது. தெரிந்தது ஒன்றே: வலை அட்டை உருவானபோது அதில் பொறிக்கப்பட்ட 48 பிட் நீளமுள்ள எண். அவ்வெண்ணைச் சொல்லி வலை முழுவதும் கேட்குமாறு அது கூவுகிறது. ‘நான் இன்ன எண்ணுடையவன், எனக்கு முகவரி தருவார் யார்? என்னை எழுப்பும் கோப்பு எங்குள்ளது?’ என்பதே அக்கூவலின் பொருள். டி.எச்.சி.பி. என்னும் நெறிமுறையில் இயங்கும் வழங்கி அதைக் கேட்டு மூன்று செய்திகளை விடையாகத் தருகிறது: உன் ஐ.பி. முகவரி இது, கோப்பு இருக்கும் வழங்கி இது, கோப்பின் பெயர் இது.

முகவரி பெற்ற பொறி அடுத்து டி.எஃப்.டி.பி. என்னும் மிக எளிய நெறிமுறையால் அக்கோப்பினைக் கேட்டு வாங்குகிறது. கிடைப்பது முழு இயக்க முறைமையன்று. அதனைக் கொண்டுவரத் தெரிந்த ஒரு சிறு தூதுவன் மட்டுமே. அத்தூதுவன் இயக்க முறைமையின் கருவையும், தொடக்கத்திற்கு வேண்டிய கருவிகள் அடங்கிய ஒரு பொதியையும் நினைவகத்தில் இறக்குகிறான். கரு விழித்ததும், தன் வேர்க்கோப்பகத்தை உள்ளே உள்ள வட்டில் தேடாமல் வழங்கியில் தேடுகிறது, என்.எஃப்.எஸ். போன்ற நெறிமுறையால் வழங்கியின் வட்டைத் தன் வட்டாகவே பாவிக்கிறது. நாற்பது பொறிகளும் ஒரே கோப்பகத்தைப் படிக்கின்றன. ஆனால் எதுவும் அதில் எழுத இயலாது. எழுத முனைவதெல்லாம் அந்தந்தப் பொறியின் நினைவகத்தில் ஒரு மெல்லிய படலமாய்த் தங்கும். மின்சாரத்தை நிறுத்தியதும் மறைந்துபோகும். ஒரு மாணவர் அறியாமல் எதையேனும் அழித்தாலும், நச்சுநிரல் ஒன்று புகுந்து இயக்க முறைமையைத் திருத்தினாலும் மறுநாள் காலையில் அப்பொறி மாசற்று எழும். கணிப்பொறிக் கூடத்தைப் பராமரித்தோர்க்கு இவ்வொரு பண்பின் அருமை விளங்கும்.

இச்சிந்தனை நேற்று முளைத்ததன்று. 1980களில் வன்வட்டின் விலை மிக உயர்ந்திருந்தது. அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வட்டில்லாப் பணிநிலையங்களை விற்றது. அவற்றுக்குத் துணையாக 1984இல் என்.எஃப்.எஸ். நெறிமுறையை உருவாக்கியது. அதே 1984இல் வெளிவந்த ஆர்.ஏ.ஆர்.பி. என்னும் நெறிமுறை, வன்முகவரியைச் சொன்னால் ஐ.பி. முகவரியைத் தந்தது, அதற்குமேல் ஒன்றும் தரவில்லை. 1985இல் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் என்னும் இருவர் வகுத்த பூட்பி நெறிமுறை, வழங்கியின் முகவரியையும் கோப்பின் பெயரையும் சேர்த்துத் தந்தது. 1993இல் வந்த டி.எச்.சி.பி., பூட்பியின் மேல் எழுப்பப்பட்ட மாடியே; அதன் செய்தி அமைப்பில் பூட்பியின் தடம் இன்றும் அப்படியே உள்ளது.

1990களில் இந்நாட்டில் கணிப்பொறி பயின்றோர் நாவெல் நெட்வேர் கூடங்களை மறந்திருக்கமாட்டார்கள். வன்வட்டும் இல்லை, நெகிழ்வட்டுச் செருகியும் இல்லை. வலை அட்டையில் ஒரு சிறு சில்லு மட்டும் பொருத்தப்பட்டிருக்கும். பொறியை முடுக்கினால் கறுப்புத் திரையில் எஃப் என்னும் எழுத்தோடு நுழைவுக் கோரிக்கை தோன்றும். விலை மலிவு என்பது ஒரு காரணம்; நெகிழ்வட்டின் வழியே நச்சுநிரல் புகாது, நிரல்களை எவரும் நகலெடுத்துச் செல்லவும் இயலாது என்பன ஏனைய காரணங்கள். வங்கிக் கிளைகளிலும் இதே காரணத்தால் இவை விரும்பப்பட்டன. பின்னர் வன்வட்டு மலிந்தது. ஒவ்வொரு பொறிக்கும் ஒன்று எனப் பழகிவிட்டோம். அச்சில்லுகளைத் தனியே விலைகொடுத்து வாங்கவேண்டிய தேவையை நீக்கியது இன்டெல் நிறுவனம் வகுத்த பி.எக்ஸ்.இ. என்னும் பொதுவிதி. 1999 செப்டம்பரில் வெளியான அதன் 2.1ஆம் பதிப்புக்குப் பின், வலைவழி எழும் ஆற்றல் ஏறத்தாழ எல்லாத் தாய்ப்பலகைகளிலும் இலவசமாகவே உறைந்துள்ளது. நம் கூடத்துப் பழைய பொறிகளிலும் அது உறங்கிக்கொண்டிருக்கிறது. பயாஸ் பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் விழித்துக்கொள்ளும்.

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் நலம். வட்டில்லாப் பணிநிலையம் வேறு. மெல்லிய முனையம் வேறு. மெல்லிய முனையத்தில் நிரல்கள் அனைத்தும் வழங்கியிலேயே ஓடும். முனையத்திற்கு வருவது திரைப்படம் போன்ற காட்சி மட்டுமே. வட்டில்லாப் பணிநிலையத்திலோ நிரல்கள் வழங்கியிலிருந்து வந்தாலும் அந்தந்தப் பொறியின் செயலியிலும் நினைவகத்திலும் ஓடுகின்றன. முன்னதற்கு வழங்கி மிகப் பெரியதாக இருத்தல் வேண்டும். பின்னதற்கு நடுத்தரமானதே போதும்.

மெல்லிய முனையத்திற்குச் சென்னையிலேயே ஒரு முன்னோடி உண்டு. 2000களின் நடுப்பகுதியில் ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, தொழில்முனைவர் ராஜேஷ் ஜெயின், அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ரே ஸ்டாட்டா ஆகியோர் முயற்சியால் நோவாட்டியம் என்னும் நிறுவனம் உருவாயிற்று. வன்வட்டு இல்லாத, கைப்பேசிச் சில்லுகளைப் போன்ற மலிவான சில்லுகளால் ஆன நெட்பிசி என்னும் கருவியை அது படைத்தது. தொலைபேசி இணைப்பைப் போல மாதக் கட்டணம் செலுத்தி இல்லங்களில் கணிப்பொறியை நுகரலாம் என்பது அவர்தம் கனவு. அது பரந்து நிலைபெறவில்லை. வழங்கி ஊரின் ஒரு கோடியிலும் முனையம் மறுகோடியிலும் இருக்க, இடையே இருந்த இணைய இணைப்பு அச்சுமையைத் தாங்கும் வலிமை பெற்றிருக்கவில்லை என்பதே முதற்காரணமாக எனக்குத் தோன்றுகிறது. மடிக்கணினியும் கைப்பேசியும் மலிந்தன. 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியது. ஆயின் கல்லூரிக் கூடத்தில் வழங்கிக்கும் பொறிக்கும் இடையே உள்ள தொலைவு முப்பது அடி. நோவாட்டியம் சந்தித்த இடர் இங்கு இல்லை.

இனி, செய்முறைக்கு வருவோம். இதற்கெனவே லினக்ஸ் உலகில் எல்.டி.எஸ்.பி. என்னும் கட்டற்ற மென்பொருள் உள்ளது. 1999இல் அமெரிக்கரான ஜிம் மெக்குவிலன் தொடங்கிவைத்த இத்திட்டம், 2019இல் கிரேக்க நாட்டவரான அல்கிஸ் ஜியார்ஜோபூலஸ் என்பவரால் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது. பள்ளிக்கூடங்களின் தேவையே அவருக்கு உந்துதலாக இருந்தது. அதன் தொடக்க காலத்தில் மெல்லிய முனையமே இலக்கு. இன்று வட்டில்லாப் பணிநிலையமே இலக்கு.

வழங்கியாகப் புதிய பெருங்கருவி எதனையும் தேடவேண்டுவதில்லை. அண்மைக் காலத்து மேசைக் கணிப்பொறி ஒன்று, அதில் திண்மநிலை வட்டு ஒன்று, 16 ஜிகாபைட் நினைவகம், இரண்டு வலை அட்டைகள் ஆகியன போதும். ஒரு வலை அட்டை கல்லூரியின் இணைய இணைப்பை நோக்கும். மற்றொன்று கூடத்தின் விசைமாற்றியை, அதாவது சுவிட்சை நோக்கும். வழங்கியில் டெபியன் அல்லது உபுண்டு இயக்க முறைமையை நிறுவி, மாணவர்க்கு வேண்டிய மென்பொருள்கள் அனைத்தையும் வழக்கம்போல் அதிலேயே சேர்க்கவேண்டும். பின்னர் எல்.டி.எஸ்.பி. அவ்வழங்கியையே அச்சாகக் கொண்டு ஒரு சுருக்கிய படிமத்தை உருவாக்கும். வட்டில்லாப் பொறிகள் ஏற்பது அப்படிமத்தையே. புதிய மென்பொருள் ஒன்று வேண்டுமாயின் வழங்கியில் ஒருமுறை நிறுவிப் படிமத்தை மீண்டும் ஒருமுறை உருவாக்கினால் போதும். மறுமுறை எழும்போது நாற்பதிலும் அது இருக்கும். முகவரி வழங்குவதற்கும் கோப்பு வழங்குவதற்கும் டி.என்.எஸ்.மாஸ்க் என்னும் சிறு நிரல் ஒன்றே பணிசெய்கிறது. மாணவர் தம் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு நுழைந்தால், வழங்கியில் உள்ள அவர்தம் கோப்பகம் எந்த இருக்கையிலும் அவர்முன் திறக்கும். ‘என் கோப்பு அந்த ஏழாம் எண் பொறியில் இருக்கிறது ஐயா, அதில் வேறொருவர் அமர்ந்திருக்கிறார்’ என்னும் முறையீடு இனி எழாது. பழைய பொறிகளுக்கு 2 ஜிகாபைட் நினைவகம் இருந்தால் தொடங்கலாம். இணைய உலாவியைத் தாராளமாகப் பயன்படுத்த 4 ஜிகாபைட் இருத்தல் நன்று. வட்டிற்குச் செலவிட எண்ணிய பணத்தின் ஒரு பகுதியை நினைவகத்திற்குச் செலவிடுதல் அறிவுடைமை.

இனிச் சொல்லப்போவது கணக்கு. கணக்கை அஞ்சி இப்பகுதியைத் தாண்டிச் செல்வோர், கூடத்தில் முதல்நாளே இடர்ப்படுவர்.

டி.எஃப்.டி.பி. நெறிமுறை ஒரு கோப்பினை 512 பைட் அளவுள்ள துண்டுகளாக்கி அனுப்புகிறது. ஒரு துண்டு சேர்ந்தது என்னும் ஒப்புகை திரும்பி வந்த பின்னரே அடுத்த துண்டு புறப்படும். கருவும் தொடக்கப் பொதியும் சேர்ந்து 80 மெகாபைட் எனக் கொண்டால், 1,63,840 துண்டுகள், அத்தனை ஒப்புகைகள். மேலும் துண்டுகளுக்கு எண்ணிடும் இடம் 16 பிட் மட்டுமே ஆதலின், 65,535ஐக் கடந்தால் எண் தீர்ந்துவிடும். அஃதாவது ஏறத்தாழ 32 மெகாபைட்டோடு பழைய நெறிமுறை தளர்ந்துபோகும். துண்டின் அளவைப் பெருக்கிக்கொள்ள 1995இல் வழிசெய்யப்பட்டது உண்மையே. எனினும் இன்றுள்ள சிறந்த முறை, டி.எஃப்.டி.பி.யைக் கொண்டு ஐ.பி.எக்ஸ்.இ. என்னும் சிறு தூதுவனை மட்டும் வரவழைத்து, எஞ்சியவற்றை அத்தூதுவனிடம் எச்.டி.டி.பி. வழியாகக் கொண்டுவரச் செய்வதே.

அடுத்தது விசைமாற்றி. நாற்பது பொறிகள் ஒரே மணியோசையில் எழுகின்றன. ஒவ்வொன்றும் திரை தோன்றும்வரை 300 மெகாபைட் படிக்கிறது எனக் கொள்வோம். மொத்தம் 12,000 மெகாபைட். வழங்கியிலிருந்து விசைமாற்றிக்குச் செல்லும் கம்பி நொடிக்கு 100 மெகாபிட் வேகமுடையதாயின், நொடிக்குச் சுமார் 12 மெகாபைட் மட்டுமே கடக்கும். 1,000 நொடி, அதாவது ஏறத்தாழ பதினேழு நிமிடம் ஆகும். ஐம்பது நிமிட வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு வெறுந்திரையைப் பார்ப்பதிலேயே கழிந்துவிடும். அதே கம்பி ஜிகாபிட் வேகமுடையதாயின் நூறு நொடியில் முடியும். படிமம் அனைவர்க்கும் ஒன்றே ஆதலால் வழங்கி அதனை ஒருமுறை வட்டிலிருந்து படித்துத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். இடுக்கமான இடம் கம்பி ஒன்றே. ‘பழைய பொறிகளுக்குப் பழைய விசைமாற்றி போதும்’ என்னும் சிக்கனமே இம்முறையைப் பல இடங்களில் கெடுக்கிறது. பொறிகள் பழையனவாக இருக்கட்டும். விசைமாற்றி புதிதாக இருக்கட்டும்.

மற்றோர் இடர், காண்போரைப் பெரிதும் குழப்புவது. எல்லாம் சரியாக அமைத்தும் திரையில் ‘பி.எக்ஸ்.இ.-இ51’ என்னும் பிழை தோன்றும். முகவரி தருவார் ஒருவரும் விடையளிக்கவில்லை என்பது இதன் பொருள். வழங்கியைப் பார்த்தால் அது நலமாகவே இருக்கும். காரணம் விசைமாற்றியில் உள்ளது. மேலாண்மை வசதியுள்ள விசைமாற்றிகள், ஒரு பொறி விழித்ததும் அக்கம்பியின் வழியே வலையில் சுழல் ஏதும் உண்டாகுமோ என ஏறத்தாழ 30 நொடி நிதானித்துப் பார்த்த பின்னரே வழிவிடும். அதற்குள் பொறி கூவிக் கூவிக் களைத்து நின்றுவிடும். பொறிகள் இணையும் வாயில்களுக்கு மட்டும் இந்நிதானத்தை நீக்குமாறு விசைமாற்றியில் அமைத்தால் இடர் தீரும். ‘இ53’ என்னும் பிழையோ வேறு: முகவரி கிடைத்தது, கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. அவ்வலையில் வேறொரு முகவரி வழங்கி இருந்து, நம்முடையதை முந்திக்கொண்டு விடை சொல்கிறது என்பதே பெரும்பாலும் இதன் காரணம். யாரோ ஒருவர் வைஃபை கருவியைக் கொண்டுவந்து சுவரில் உள்ள வாயிலில் செருகியிருப்பார். கூடத்து வலையைக் கல்லூரியின் பிற வலையிலிருந்து பிரித்துவைக்கச் சொன்னது இதனாலேயே.

இப்பிரிவுக்குப் பாதுகாப்புக் காரணமும் உண்டு. வட்டில்லாப் பொறி கூவும்போது விடையளிப்பவர் உண்மையான வழங்கிதானா என அது ஆராய்வதில்லை; முதலில் விடையளிப்பவரை நம்பும். தீய எண்ணமுடையவர் ஒருவர் மடிக்கணினியைச் செருகி வஞ்சக இயக்க முறைமையை ஊட்டிவிட இயலும். ஆகவே கூடத்தில் பயன்படாத வாயில்களை அடைத்துவைக்க வேண்டும்.

தமிழ்த்துறையின் மலராதலின் தமிழைப் பற்றியும் ஒரு சொல். 1990களிலும் அதன் பின்னரும் தமிழ்த் தட்டச்சு பட்ட பாட்டை இம்மலரின் மூத்த வாசகர் அறிவர். ஒரு பொறியில் ஓர் எழுத்துரு, மறுபொறியில் வேறோர் எழுத்துரு. இங்குத் தட்டிய கட்டுரை அங்குத் திறந்தால் குறியீடுகளின் குப்பை. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை உறுதிசெய்யப்பட்டது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. நெறி வகுத்தாயிற்று, ஆயினும் நாற்பது பொறிகளிலும் ஒரே எழுத்துருக்களையும் ஒரே விசைப்பலகையையும் நிறுவி, அவை எவராலும் மாற்றப்படாமல் காப்பது பெரும்பாடு. வட்டில்லா முறையில் அது அரைமணி நேர வேலை. முதலாண்டு மாணவி எந்த இருக்கையில் அமர்ந்தாலும் விரல் வைத்த இடத்தில் ‘அ’ வரும். நேற்று எழுதிய கட்டுரை இன்றும் அவ்வாறே திறக்கும். வீட்டில் கணிப்பொறி இல்லாத மாணவர்க்கு இது சிறு செய்தியன்று. அவர்க்குக் கிடைப்பது வாரத்தில் இரண்டு மணி நேரமே. அதில் எழுத்துருவைத் தேடுவதில் கால்மணி நேரம் கழிந்தால் அவ்விழப்பை ஈடுசெய்யும் இடம் வேறில்லை.

குறைகள் இல்லாமலில்லை. விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருள்களை, குறிப்பாகச் சில கணக்கியல் நிரல்களை, இக்கூடத்தில் எதிர்பார்த்தல் ஆகாது. வணிகவியல் துறையினர்க்கு ஐந்தாறு பொறிகளைத் தனியே வைத்தல் வேண்டிவரும். ஆனால் பெருங்குறை அதுவன்று. வழங்கி நின்றால் நாற்பதும் நிற்கும் என்பதே பெருங்குறை.

இதனை விளக்கத் தொலைவில் உவமை தேடவேண்டுவதில்லை. செம்பரம்பாக்கம் முதலாகச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் நாட்டு ஊர்கள் பலவும் ஏரியை நம்பி விளைந்தவை. வயலுக்கு ஒரு கிணறு வெட்டுவதைவிட ஊருக்கு ஓர் ஏரி கட்டுவது மலிவு. ஆனால் கரையைக் காப்பதும் மதகைத் திறப்பதும் அடைப்பதும் கால்வாயைத் தூர் எடுப்பதும் யாரோ ஒருவர் பொறுப்பாக இருத்தல் வேண்டும். அதற்கென நீர்க்கட்டி என ஒருவரை ஊரார் அமர்த்தினர். அறுவடையில் அவருக்குப் பங்கு அளந்தனர். வட்டில்லாக் கூடத்தில் நாம் செய்வதும் நாற்பது கிணறுகளைத் தூர்த்து ஓர் ஏரி கட்டும் வேலையே. நாற்பது இடங்களில் சிதறிக்கிடந்த பராமரிப்பு ஒரே இடத்தில் குவிகிறது. அவ்விடத்திற்கு ஒருவர் வேண்டும். பல கல்லூரிகளில் பொறி வாங்குவதற்குக் கொடையாளர் கிடைக்கின்றனர். பெயர்ப்பலகையும் சுவரில் ஏறுகிறது. அப்பொறிகளைக் காக்கும் ஆய்வுக்கூட உதவியாளர் பணியிடமோ ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கிறது. வட்டில்லா முறை இக்குறையை மறைக்காது. முதல் மாதத்திலேயே வெளிக்காட்டிவிடும்.

ஆகவே நிர்வாகப் பெரியோர்முன் வைக்கும் வேண்டுகோள் இது. பழைய பொறிகளை இப்போது தள்ளவேண்டா. பழுதான வன்வட்டுகளை மட்டும் கழற்றி, 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கலாம். அவற்றில் மாணவர் விவரங்கள் இருப்பின் முன்னரே அழித்துவிடுதல் கடமை. ஒரு வழங்கி, அதே வகையில் மாற்றாக மற்றொன்று, ஒரு ஜிகாபிட் விசைமாற்றி, வழங்கிக்கும் விசைமாற்றிக்கும் மட்டும் போதுமான மின்கல அமைப்பு ஆகியவற்றை வாங்குக. நாற்பது பொறிகளுக்கும் மின்கலம் வேண்டுவதில்லை. மின்தடையால் அவை திடீரென நின்றாலும் கெடுவதற்கு அவற்றுள் வட்டு இல்லை. இரண்டாம் வழங்கியில் படிமத்தின் நகலும் மாணவர் கோப்புகளின் நகலும் நாள்தோறும் இரவில் சேருமாறு அமைக்கவேண்டும். பின்னர் ஒருவரைப் பொறுப்பில் அமர்த்துக. கணிப்பொறி அறிவியல் மூன்றாமாண்டு மாணவர் இருவரை அவர்க்குத் துணையாக்கினால், தொழிற்சாலை வாயிலில் நேர்காணலுக்கு நிற்கும்போது அவர்கள் சொல்வதற்கு ஏட்டுப் படிப்பினும் மேலான ஒன்று இருக்கும்.

நாற்பதையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டா. கோடை விடுமுறையில் ஐந்து பொறிகளின் வட்டுக் கம்பியை மட்டும் பிடுங்கிவைத்து, வட்டை உள்ளேயே விட்டு, இம்முறையில் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்கவில்லையெனில் கம்பியை மீண்டும் செருகப் பத்து நிமிடம் ஆகும். பிடித்திருந்தால், கூடத்தின் வருகைப் பதிவேட்டுக்கு அருகில் ஒரு குறிப்பேட்டை வைத்து ஒவ்வொரு பொறியின் வன்முகவரியையும் அதன் இருக்கை எண்ணையும் எழுதத் தொடங்குக. எப்பொறி எழவில்லை என்பதை வழங்கியின் பதிவில் தேடும் நாளில் முதலில் கேட்கப்படுவது அவ்வெண்ணே.